தொண்டையில் சிக்கும் பொம்மைகளும் ரீகாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருஷத்துக்கு முன்பு நியூஜெர்சியிலிருந்து வந்த என் அத்தை மகள், தன் பையன் விளையாடி முடித்த பொம்மைகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து மதுரையில் எங்கள் வீட்டில் இறக்கினாள். அதில் ஒரு மரக்கார். என் மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். ஒரு மத்தியானம் அவள் கன்னம் ஒரு பக்கமாக உப்பியிருக்கிறதே என்று வாயைத் திறந்து பார்த்தால், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அந்தக் காரின் சக்கரம், எச்சிலில் நனைந்து பளபளவென்று இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததால் எடுத்துவிட்டேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி அந்தக் காரின் அடியில் பொறித்திருந்த எண்ணை இணையத்தில் தேடியபோதுதான் தெரிந்தது: எங்கள் வீட்டுக்கு வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்பே அது அமெரிக்காவில் ரீகால் ஆகியிருக்கிறது, காரணம் சக்கரம் கழன்று வருவது.

அத்தை மகளுக்கு அது தெரியாது. அந்தக் காரை அவள் வாங்கவில்லை, பையனின் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. அறிவிப்பு வந்திருந்தால் வாங்கியவருக்கு வந்திருக்கும். பொம்மை கைமாறிக் கைமாறிக் கடல் தாண்டி வந்துவிட்டது, அறிவிப்பு முதல் ஆளோடு நின்றுவிட்டது. அதிலிருந்து சொந்தக்காரர்களும் குடியிருப்பில் இருக்கும் அம்மாக்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

ரீகால் என்றால் சரியாக என்ன?

விற்றுப்போன ஒரு பொருளில் ஆபத்து இருப்பது தெரியவந்தால், அதைத் தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோ விற்பனையை நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெறுவது. பணத்தைத் திருப்பித் தருவார்கள், இல்லை வேறு பொருள் தருவார்கள், இல்லை பழுதான பாகத்தை மாற்றித் தருவார்கள். அமெரிக்காவில் இதைக் கவனிப்பது நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், சுருக்கமாக சிபிஎஸ்சி. 1972இல் போட்ட சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு. ஒரு பொருளில் பெரிய ஆபத்து இருக்கலாம் என்ற தகவல் கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். ஆனால் அநேகமாக எல்லா ரீகாலும் நிறுவனம் ஒத்துக்கொண்டு செய்வதுதான், பேச்சுவார்த்தை முடிந்த பிறகே அறிவிப்பு வெளியாகும். நிறுவனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆணையம் தனியாக ஓர் எச்சரிக்கை வெளியிடும், வீட்டில் இருந்தால் உடனே எறியுங்கள் என்று. இணையத்தில் மட்டும் விற்கிற, ஊர் பேர் தெரியாத விற்பனையாளர்கள் விஷயத்தில் இப்படிப்பட்ட எச்சரிக்கைகளைப் பார்க்கலாம். அதில் பணம் திரும்ப வராது, எச்சரிக்கை மட்டும்தான். அதையும் ரீகால் அளவுக்கே மதியுங்கள்.

எவ்வளவு சின்னதாக இருந்தால் ஆபத்து? அதற்கு அளவு இருக்கிறதா?

இருக்கிறது. ஓர் உருளை. குறுக்களவு 31.7 மி.மீ., அடிப்பாகம் சரிவாக இருக்கும், அதனால் ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மி.மீ. ஒரு சின்னக் குழந்தையின் வாயும் தொண்டையும் திறக்கிற அளவை மனதில் வைத்துச் செய்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையோ, அதிலிருந்து கழன்று வரும் துண்டோ, எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அழுத்தாமலே இந்த உருளைக்குள் முழுசாக அடங்கிவிட்டால் அதை விற்கக்கூடாது. அமெரிக்காவில் 1980 ஜனவரி 1 முதல் இதுதான் விதி. மற்ற நாடுகளின் தரவிதிகளிலும் கிட்டத்தட்ட இதே உருளைதான்.

நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அது தாராளமாக உள்ளே போய் உட்காரும். பந்துக்கு மட்டும் அளவு இன்னும் கடுமை, 44.4 மி.மீ. வளையத்துக்குள் விழுகிற பந்தை மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது. டேபிள் டென்னிஸ் பந்தே 40 மி.மீ.தான், அதுவும் விழுந்துவிடும். பந்துக்கு ஏன் தனி அளவு என்றால், உருண்டையான பொருள் தொண்டையைத் தக்கை போட்டதுபோல் சுற்றிலும் அடைத்துவிடுகிறது. கோணல்மாணலான துண்டு சிக்கினால் ஓரத்தில் கொஞ்சமாவது காற்று போக வழி இருக்கலாம், பந்து சிக்கினால் அதுவும் இல்லை.

வீட்டில் எதை வைத்துப் பார்ப்பது?

டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சுகிற அட்டைக்குழல் போதும். அது சுமார் 4 செ.மீ. அகலம் இருக்கும், சட்டத்தில் உள்ள உருளையைவிடக் கொஞ்சம் பெரிசு, அதனால் நமக்குக் கூடுதல் பாதுகாப்பு. குழலுக்குள் நழுவிப் போகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் கையில் இருக்க வேண்டாம். பந்தை மட்டும் இந்தக் குழலை நம்பி விடாதீர்கள், அதற்கு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். நாலரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆனால் முழுப் பொம்மையை மட்டும் அளப்பதில் பிரயோஜனம் இல்லை. அதிலிருந்து எது கழன்று வரும் என்பதுதான் கேள்வி. சக்கரத்தைப் பிடித்துத் திருகுங்கள், கரடி பொம்மையின் கண்ணை நகத்தால் நெம்பிப் பாருங்கள், தையல் விட்ட இடத்தில் உள்ளே இருக்கும் பஞ்சோ மணியோ எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள், பீப்பி ஊதும் பொம்மையில் அந்தப் பீப்பி ஆடுகிறதா பாருங்கள், கிலுகிலுப்பையைக் காதருகே ஆட்டி ஓட்டில் விரிசல் சத்தம் வருகிறதா கேளுங்கள். ஆய்வகத்தில் பதினெட்டு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மையை சுமார் 1.4 மீட்டர் உயரத்திலிருந்து பத்துத் தடவை கீழே போடுவார்கள், பாகங்களைத் திருகுவார்கள், நாலரை கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுப்பார்கள். அதைவிடப் பெரிய குழந்தைகளின் பொம்மைக்கு அந்த இழுப்பு ஏழு கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். அதனால் நீங்களும் தயங்காமல் இழுங்கள். உங்கள் கைக்கு வந்தால் குழந்தையின் பல்லுக்கும் வரும்.

மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. என் பையனுக்கு இரண்டரைதான், ஆனால் ரொம்பக் கெட்டிக்காரன். கொடுக்கலாமா?

வேண்டாம். இந்தக் கேள்வி எனக்கு வருகிற அளவுக்கு வேறு எதுவும் வருவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அந்த எண் குழந்தையின் அறிவைப் பற்றியது இல்லை. அவனால் அந்தப் பொம்மையைப் புரிந்துகொள்ள முடியுமா என்று அது கேட்கவே இல்லை. அவன் இன்னும் எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற வயதில் இருக்கிறானா, கடைவாய்ப் பல் வந்திருக்கிறதா, இருமி வெளியே தள்ளுகிற பலம் நெஞ்சுக்கு இருக்கிறதா என்பதுதான் அந்த எண்ணின் கணக்கு. எழுத்து வாசிக்கிற இரண்டு வயதுக்காரனுக்கும் மூச்சுக்குழாய் இரண்டு வயதுக்குரியதுதான்.

அமெரிக்காவில் 1994இல் போட்ட சட்டப்படி, மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் பொம்மையில் சிறு பாகங்கள் இருந்தால் அட்டையின்மேல் மூச்சடைப்பு எச்சரிக்கை அச்சடித்தே ஆக வேண்டும். ஐரோப்பியப் பொம்மைகளில் ஒரு வட்டத்துக்குள் 0-3 என்று எழுதி, முகம் சுளித்த குழந்தையின் படத்தைச் சிவப்புக் கோட்டால் அடித்திருப்பார்கள். படத்தைப் பார்த்து, மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கான பொம்மை என்று தலைகீழாகப் புரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். அப்படி இல்லை, மூன்று வயது வரை கொடுக்காதே என்று அர்த்தம்.

வீட்டில் ஆறு வயது அக்காவும் ஒரு வயதுத் தம்பியும் இருந்தால் அட்டையில் இருக்கும் வயது உங்களுக்குப் பாதி உதவிதான் செய்யும். அக்காவின் பொம்மை தம்பியின் கைக்கு வராமல் இருக்காது. எங்கள் வீட்டில் அக்கா விளையாடுகிற இடம் கட்டில்மேல், தம்பி ஏறத் தெரிந்துகொள்ளும்வரை. அப்புறம் மேஜைமேல்.

இப்படிச் சோதித்துத்தானே விற்கிறார்கள், பிறகு எப்படி ரீகால் வருகிறது?

அமெரிக்காவில் விற்கிற குழந்தைகள் பொருளைத் தனி ஆய்வகத்தில் சோதித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது 2008இல் வந்த சட்டம். ஆனால் சோதிப்பது மாதிரிகளைத்தான். நடுவில் பசை மாறும், மரம் சரியாகக் காயாமல் பிறகு சுருங்கி அச்சாணி தளரும், அச்சு தேய்ந்து பிளாஸ்டிக் மெல்லிசாகும். ஆணையம் ஒவ்வொரு பொம்மையையும் முன்கூட்டியே பார்த்து அனுமதி தருகிற ஏற்பாடும் கிடையாது. சில வகை ஆபத்து விதியில் இல்லாமலே இருந்து, ஒரு குழந்தை போன பிறகு விதிக்குள் வந்திருக்கிறது.

1978இல் மாட்டெல் நிறுவனம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் விண்கலப் பொம்மைகளை விற்றது. பொத்தானை அழுத்தினால் சின்ன ஏவுகணை ஸ்பிரிங்கில் பாயும். அதை வாயில் வைத்து அழுத்திய நான்கு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். 1979 தொடக்கத்தில் அந்தப் பொம்மைகளைத் திரும்பப் பெற்றார்கள். நான்கு வயது என்பதைக் கவனியுங்கள், மூன்று தாண்டியவன்.

1999 கடைசியில் பர்கர் கிங் உணவகங்கள் குழந்தைகள் சாப்பாட்டோடு போக்கிமான் பந்து கொடுத்தன. கையளவுப் பந்து, இரண்டு பாதியாகப் பிரியும். எந்த உருளைக்குள்ளும் போகாத அளவு பெரிசு. ஆனால் அந்தப் பாதி ஓடு கிண்ணம்போல 13 மாதக் குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கவ்விக்கொண்டது, குழந்தை இறந்தது. இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட பந்துகளைத் திரும்பக் கேட்டார்கள், கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சின்ன உருளைக்கிழங்கு வறுவல் இலவசம் என்றார்கள். ரீகால் அறிவித்த பிறகு, 2000 ஜனவரியில், நான்கு மாதக் குழந்தை ஒன்றும் அதே பந்தால் இறந்தது. எனக்கு இதில் மனதை அறுப்பது அந்த இரண்டாவது குழந்தைதான். அறிவிப்பு வெளியாகிவிட்டது, பந்து மட்டும் வீட்டிலேயே கிடந்தது.

காந்தம், பட்டன் பேட்டரி, தண்ணீரில் ஊதும் மணி இதெல்லாம் விழுங்கினால் மலத்தோடு வந்துவிடாதா?

நாணயமோ சாதாரண பாசிமணியோ பெரும்பாலும் வந்துவிடும். நீங்கள் சொன்ன மூன்றும் அப்படி இல்லை. இவற்றின் ஆபத்து தொண்டை தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கும், அதனால் குழந்தை அழாமல் விளையாடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

காந்தம்: ஒன்றுக்கு மேல் விழுங்கினால், குடலின் வேறுவேறு மடிப்புகளில் இருந்துகொண்டே ஒன்றையொன்று இழுக்கும், நடுவில் மாட்டுகிற குடல்சுவர் இரத்த ஓட்டம் இல்லாமல் ஓட்டையாகும். மேக்னெட்டிக்ஸ் என்ற கட்டுமானப் பொம்மையின் துண்டுகளிலிருந்து கழன்ற காந்தங்களை விழுங்கி 20 மாதக் குழந்தை இறந்தது, 2006 மார்ச்சில் சுமார் 38 லட்சம் பெட்டிகள் ரீகால் ஆயின. அதே வருஷம் நவம்பரில் பாலி பாக்கெட் பொம்மைகள், 2007 ஆகஸ்டில் உலகம் முழுக்க 1.8 கோடிக்கு மேல் மாட்டெல் காந்தப் பொம்மைகள். அந்த 2007இல் ஈயச் சாயப் பொம்மைகளும் சேர்ந்து பெரிய கூக்குரல் எழுந்ததுதான் நான் மேலே சொன்ன 2008 சட்டத்துக்கு வழி போட்டது.

பட்டன் பேட்டரி: 20 மி.மீ. லித்தியம் வில்லை உணவுக்குழாயில் நின்றுவிட்டால் ஈரத்தில் மின்சாரம் ஓடி, சுற்றியிருக்கும் சதையில் காரம் உண்டாகி அரிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் வரலாம். தீர்ந்துபோன பேட்டரி என்று அலட்சியமாக இருக்காதீர்கள், ரிமோட்டுக்குப் போதாத மின்சாரம் சதையை அரிக்கப் போதும். 2022இல் அமெரிக்காவில் இதற்கென்றே ரீஸ் சட்டம் வந்தது, பேட்டரி மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று. நம் பக்கம் திருவிழாவில் விற்கிற மின்னும் மோதிரம், லைட் எரியும் கைக்கடிகாரம் எதையும் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூ இல்லாமல் மூடி நகத்தால் திறந்தால் வாங்க வேண்டாம்.

தண்ணீர் மணி: கடுகு அளவில் இருக்கும், தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டுபோல ஊதும், பூச்சாடியில் போட வாங்குகிறோமே அதுதான். வயிற்றிலும் அதே வேலையைச் செய்து குடலை அடைக்கும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. 2023 செப்டம்பரில் சுமார் 52,000 தண்ணீர் மணிப் பெட்டிகளை அமெரிக்காவில் ரீகால் செய்தபோது 10 மாதக் குழந்தை ஒன்று ஏற்கெனவே இறந்திருந்தது. குழந்தை இருக்கிற வீட்டில் இதை வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்று உருண்டு கட்டிலடியில் போனால் நமக்குத் தெரியவே தெரியாது.

பலூன்கூடவா?

பலூன்தான் ரொம்ப மோசம். உடைந்த ரப்பர்த் துண்டு தொண்டைக்குள் போனால் ஈரத்தோலில் ஒட்டிக்கொண்டு மூச்சுப் பாதையைத் திரைபோல மூடிவிடும், முதுகில் தட்டினாலும் எளிதில் நகராது. அந்த உருளைச் சோதனையிலிருந்து பலூனுக்கு விலக்கு உண்டு, ஊதாத பலூனை அந்த உருளைக்குள் அடங்காதபடி எப்படிச் செய்ய முடியும்? அதனால் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை மட்டும்தான் அட்டையில் வரும், இந்தக் காரணத்துக்காக ரீகால் வராது. பிறந்தநாள் முடிந்ததும் தரையைப் பெருக்குகிறபோது உடைந்த துண்டுகளை முதலில் பொறுக்குங்கள், கேக் தட்டு அப்புறம்.

என் வீட்டுப் பொம்மை ரீகால் ஆனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொம்மையின் அடியிலோ, பேட்டரி மூடிக்குள்ளோ, துணிப் பொம்மை என்றால் தையலில் தைத்த சீட்டிலோ நிறுவனத்தின் பெயர், மாடல் எண், தயாரித்த தேதிக்குறி இருக்கும். அமெரிக்காவில் 2008 சட்டத்துக்குப் பிறகு வந்த குழந்தைகள் பொருளில் இந்த அடையாளம் இருக்க வேண்டும். அதை சிபிஎஸ்சி தளத்தின் தேடலில் போடுங்கள். புது ரீகால்கள் வழக்கமாக வியாழக்கிழமைகளில் வெளியாகும், மின்னஞ்சலுக்குப் பதிவு செய்துகொள்ளலாம், காசு கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வந்த பொம்மை என்றால் சேஃப்டி கேட் என்ற தளம். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் அரசுகளுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு.

அறிவிப்பைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விற்றது, எந்த எண் வரிசை என்பதை. ஒரே பொம்மையில் சிவப்பு மாடல் ரீகால் ஆகியிருக்கும், நீலம் ஆகியிருக்காது. எண் அழிந்துபோய், படம் மட்டும் ஒத்துப்போகிறதா? அப்படியென்றால் ரீகால் ஆனது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விபத்து எதுவும் பதிவாகவில்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதியாகி அதை மறுபடி குழந்தையிடம் கொடுக்காதீர்கள், யாருக்கும் எதுவும் ஆவதற்குள் பிடித்துவிட்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இந்தியாவில் இருந்துகொண்டு அமெரிக்க ரீகாலுக்குப் பணம் வாங்க முடியுமா?

நிறுவனத்தைப் பொறுத்தது. பல ரீகால்களில் பொம்மையைத் திருப்பி அனுப்பக்கூடச் சொல்வதில்லை, உடைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பு என்பார்கள். அங்கே இருக்கிற உறவினர் பெயரில் விண்ணப்பிக்கலாம், பில் இல்லாமலும் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் பணம் வரும்வரை பொம்மையைக் குழந்தையிடம் விட்டுவைக்காதீர்கள், அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

நம் நாட்டில் ரீகால் இருக்கிறதா?

சட்டத்தில் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் உண்டு. ஆனால் அமெரிக்காபோல வாராவாரம் பட்டியல் வந்து பெற்றோர் பார்க்கிற பழக்கம் இங்கே வரவில்லை. அதனால் நாம் வாங்கும்போதே பார்த்து வாங்குவதுதான் இப்போதைக்கு வழி.

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பேட்டரி, மின்சாரம் இல்லாத பொம்மைக்கான தரவிதி எண் ஐஎஸ் 9873, மின்பொம்மைக்கு ஐஎஸ் 15644. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அதை, அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் எந்த நிறுவனத்தின் உரிமம், இப்போது செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். நான் கடையில் நின்றபடியே அடித்துப் பார்க்கிறேன், அரை நிமிஷ வேலை. எண்ணே இல்லாத முத்திரையும் வேறு நிறுவனத்தின் எண்ணும் எனக்கே சிக்கியிருக்கின்றன. புகார் சொல்ல 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லையும் பொம்மையையும் கழன்ற பாகத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தின்பண்டப் பாக்கெட்டுக்குள் வருகிற இலவசப் பொம்மையையும் மறக்க வேண்டாம். 2017இல் ஆந்திராவின் ஏலூரில் நான்கு வயதுப் பையன் ஒருவன் சிப்ஸ் பாக்கெட்டில் இருந்த பிளாஸ்டிக் பொம்மையைத் தின்பண்டம் என்றே வாயில் போட்டு, தொண்டையில் சிக்கி இறந்தான். பாக்கெட்டைப் பிள்ளை கையில் கொடுக்காமல் தட்டில் கொட்டிக் கொடுங்கள்.

சொப்புச் சாமான், மரப்பாச்சி, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை?

பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அந்த ஐஎஸ்ஐ கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு, தஞ்சாவூர்ப் பொம்மையும் அதில் வரும். செய்கிறவர்கள் பிழைக்க வேண்டும், அந்த விலக்கு சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் விலக்கு என்றால் சோதித்துப் பார்க்கவில்லை என்றும் அர்த்தம், அந்த வேலை நம்முடையது. மரப்பாச்சி முழுசாக ஒரே கட்டை, கழல ஒன்றுமில்லை, எனக்குப் பிடித்த முதல் பொம்மை அதுதான். சொப்புச் சாமான் அப்படி இல்லை. அந்தக் குட்டி டம்ளரும் கரண்டியும் அட்டைக்குழலில் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதை என் மாமியாருக்குக் காட்டியபோது, நாங்களெல்லாம் இதில்தானே விளையாடினோம் என்றார். உண்மைதான், நான்கைந்து வயதில் விளையாடியிருப்பார். தவழுகிற குழந்தைக்கு அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள், அன்று வீட்டில் பார்த்துக்கொள்ள பாட்டி, சித்தி என்று நாலு கண் கூடுதலாக இருந்தது.

உறவினர் கொடுக்கும் பழைய பொம்மையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது குழந்தை பக்கத்தில் இருக்க வேண்டாம், அவ்வளவுதான். ராத்திரி ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி எண்ணைப் பாருங்கள், திருகுங்கள், குழலில் போடுங்கள். நீங்கள் கொடுக்கிறவராக இருந்தால், எங்கே எப்போது வாங்கியது என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள், வாங்குகிறவர் தேட உதவும். அமெரிக்காவில் ரீகால் ஆன பொருளை விற்பதே சட்டப்படி குற்றம், பழையதை வீட்டு வாசலில் வைத்து விற்றாலும் சரி.

நிஜமாகவே தொண்டையில் சிக்கிவிட்டால்?

குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், காற்று போகிறது என்று அர்த்தம், இருமவிடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். சத்தமே வராமல் வாய் திறந்தபடி இருந்தால், உதடு நீலம் பூத்தால், அப்போதுதான் நாம் இறங்க வேண்டும். ஒருவரை 108க்குப் பேசச் சொல்லுங்கள்.

ஒரு வயதுக்குள்: முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலை நெஞ்சைவிடத் தாழ்வாக இருக்கும்படி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வரவில்லை என்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்தம். வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு மேல்: முதுகில் ஐந்து அடி, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே விலா எலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து தடவை இழுக்க வேண்டும். நினைவு தப்பினால் தரையில் கிடத்தி சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி வாயில் மூச்சு ஊதுகிற முதலுதவி. சரியான பிறகும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புரையேறினால் உச்சந்தலையில் தட்டுகிற நம் பழக்கம் இங்கே எதற்கும் உதவாது. மீன்முள்ளுக்குச் செய்வதுபோலச் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகக் குலுக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம், இன்னும் உள்ளே போய்விடும்.

பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரி. குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம் என்கிறது அமெரிக்க விஷமுறிவு மையத்தின் வழிகாட்டல். தேனுக்காகக் கிளம்புவதைத் தாமதிக்கக்கூடாது.

இன்னொன்று, திணறல் வந்து தானாகச் சரியாகி, அதன்பிறகு நாள்கணக்கில் இருமலும் ஒரு பக்கம் மட்டும் இழைப்புச் சத்தமும் இருந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள். துண்டு நுரையீரல் குழாயில் இறங்கியிருக்கலாம். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது, அன்று திணறினான் என்ற விஷயத்தை மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரீகால் ஆன பொம்மையை என்ன செய்வது?

முதலில் எண்ணோடு படம் எடுங்கள், பணம் கேட்க அது வேண்டும். பேட்டரி இருந்தால் கழற்றி, இரண்டு பக்கமும் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். பிறகு யாரும் எடுத்து மறுபடி விளையாட முடியாதபடி உடையுங்கள். முழுசாகக் குப்பையில் போட்டால் குப்பை பொறுக்குகிறவர் நல்ல பொம்மையாயிற்றே என்று தன் பிள்ளைக்கு எடுத்துப் போவார், அநாதை இல்லத்துக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். அந்த மரக்காரை என் கணவர் மாடியில் வைத்து ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். மூன்று சக்கரமும் அச்சாணியோடு வந்தன, நான்காவதை நான் முன்பே எடுத்து வைத்திருந்தேன். அத்தை மகளுக்குப் படம் அனுப்பினேன். அவள் அன்று ராத்திரியே அந்தப் பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு வீடுகளுக்குக் கொடுத்திருந்த பொம்மைகளின் பட்டியலை உட்கார்ந்து எழுதி, அவர்களுக்குப் போன் போட்டாள்.